தேறாதவர்களுக்கு மட்டும்தானா கற்றல் உதவி மையம்?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். பள்ளியில் எப்போதும் முதல் சில இடங்களில் இருந்த ஒருவர், பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் எடுத்து முதல் செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகியிருக்கிறார். படிக்காமல் இல்லை, ராத்திரி பகலாகப் படித்தும் இப்படி. இப்போது கற்றல் உதவி மையத்தில் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. அங்கே இருப்பவர் இலக்கியம் படித்தவராம். "என் பாடமே தெரியாத ஒருவர் எனக்கு என்ன சொல்லித்தர முடியும்? அது தேறாதவர்களை அனுப்பும் இடம் இல்லையா? போகத்தான் வேண்டுமா?"

போங்கள். நானே இந்த வேலையில் பல வருடங்களாக இருப்பதால் கட்சி கட்டிப் பேசுகிறேன் என்று நினைக்கலாம், சரி, அந்தச் சந்தேகத்தோடேயே படியுங்கள். இந்த மையங்கள் சொதப்பும் இடங்களையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் "ஏதாவது டிப்ஸ் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு தாளில் அச்சடித்த டிப்ஸ்தான் கிடைக்கும், அதில் உள்ளதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நீங்கள் படிக்கும் விதத்தை இன்னொருவர் கண்ணில் படும்படி கொண்டுபோய் வைத்தால்தான் அங்கே போனதற்குப் பலன். ஏன் இன்னொருவர் தேவை என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

இந்த வேலைக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர். அமெரிக்காவில் லேர்னிங் சென்டர் என்பார்கள், பிரிட்டனில் லேர்னிங் டெவலப்மென்ட், ஆஸ்திரேலியாவில் அகடமிக் லாங்குவேஜ் அண்ட் லேர்னிங். பெயர் எதுவானாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் பாட டியூட்டர் கிடையாது, மனநல ஆலோசகர் கிடையாது, கட்டுரையைப் பிழைதிருத்திக் கொடுப்பவரும் கிடையாது. பாடத்திட்டத்தில் எழுதாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறதே, அதைப் பார்ப்பவர். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர வேலை என்று கணக்கு. பிரிட்டனில் அவர்களுடைய கிரெடிட் ஒன்றுக்கு 10 மணி நேரம். இதில் வகுப்பில் கழிவது கொஞ்சம்தான். மீதி மணி நேரங்களில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை, மாணவருக்கு அது தானாகவே தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பள்ளியில் அது தெரியாமலேயே நன்றாகப் படித்துவிட முடியும் என்பதுதான் சிக்கல். எதைப் படிப்பது, எந்த அளவு போதும், எப்போது திரும்பப் பார்ப்பது எல்லாவற்றையும் ஆசிரியர் முடிவு செய்கிறார். அடிக்கடி வைக்கும் சின்னச் சின்னத் தேர்வுகளை நாம் தொல்லை என்று நினைத்தோம், உண்மையில் பாதி வேலையை அவைதான் செய்துகொண்டிருந்தன. பல்கலைக்கழகத்தில் அது நின்றுபோய், பதினைந்து வாரப் பாடத்துக்கு இரண்டே தேர்வு என்று ஆகும்போது, அந்தத் தேர்வுகள் செய்துவந்த வேலையை மாணவர் தானே செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் செய்வதில்லை. 2009-இல் கார்பிக், பட்லர், ரோடிகர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 177 கல்லூரி மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது 84 சதவீதம் பேர் நோட்ஸையோ புத்தகத்தையோ மறுபடி வாசிப்பதைச் சொன்னார்கள். பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பேன் என்று சொன்னவர்கள் 11 சதவீதம்.

மறுபடி வாசித்தால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பில்லை, ஆனால் அது ஏமாற்றும். இதே கார்பிக்கும் ரோடிகரும் 2006-இல் வெளியிட்ட சோதனையை நான் வருகிற எல்லோரிடமும் சொல்வேன். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மூன்று சுற்று பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மதிப்பெண்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே அவர்களைக் கேட்டிருந்தார்கள், அப்போது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு சுற்று வாசித்த குழு.

அந்த நம்பிக்கை ராத்திரி பகலாகப் படித்த உங்களுக்கும் இருந்திருக்கும். தேர்வு அறைக்குள் போகும் வரை எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, தாளைப் பார்த்ததும் எதுவும் கைக்கு வரவில்லை, சரிதானே? பக்கத்தைத் திறந்தவுடன் "ஆமாம், இது தெரியும்" என்று தோன்றுவது வேறு, வெற்றுத்தாளில் முதல் வரி எழுத வருவது வேறு. முன்னது எவ்வளவு பெருகினாலும் பின்னது பெருகியதாக அர்த்தமில்லை.

இது மனப்பாடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் கல்லூரி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஒன்று செய்தார்கள். திண்ம வடிவங்களின் கன அளவு கண்டுபிடிக்கும் கணக்குகள், நான்கு வகை. ஒரு குழு வகைவாரியாகப் போட்டது, இன்னொரு குழு நான்கையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் டெலோரியே என்பவரும் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்விலும் இதே கதைதான்: மாணவர்களே கணக்குப் போட்டுத் திணறிய வகுப்பில் அவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் மெருகான விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக அவர்களுக்குத் தோன்றியது.

ஆக, நன்றாகப் படிக்கும்போது திணறலாக இருக்கிறது, சுமாராகப் படிக்கும்போது சுகமாக இருக்கிறது. தன் படிப்பைத் தானே எடைபோட்டுத் திருத்திக்கொள்வது இதனால்தான் கஷ்டம், புத்திசாலிகளுக்கும்தான். பாடுகிறவருக்குத் தன் சுருதி விலகுவது கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டுவிடும். மையத்தில் இருப்பவர் அந்தப் பக்கத்தில் உட்காரும் ஆள், அவ்வளவுதான். அதற்கு அவர் உங்களைவிடப் பெரிய உயிர்வேதியியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் பாடத்திலேயே ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கிளைகாலிசிஸ், அதாவது செல் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதை. பத்துப் படிகள், பத்து நொதிகள், நீங்கள் வண்ண வண்ணமாக வரைந்து வைத்திருப்பீர்கள், ஒருவேளை கடகடவென்று ஒப்பிக்கவும் வரும். இலக்கியம் படித்த அந்த அம்மாவோ ஐயாவோ நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, விளக்குங்கள்" என்பார். நீங்கள் படிகளைச் சொல்லிக்கொண்டே போவீர்கள். கடைசியில் கிடைக்கும் பைருவேட்டில் வந்து நின்று, ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது லாக்டேட் ஆகும் என்பீர்கள். அவர் கேட்பார்: "ஏன் ஆக வேண்டும்? ஆகாவிட்டால் என்ன கெட்டுப்போகும்?" இந்தக் கேள்விக்கு உயிர்வேதியியல் தெரிந்திருக்க வேண்டாம், நீங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாலே போதும். பதில் தெரிந்தவர், அந்த மாற்றம் நடந்தால்தான் ஆறாவது படிக்குத் தேவையான என்ஏடி பிளஸ் என்ற துணை மூலக்கூறு திரும்பக் கிடைக்கும், அது கிடைக்காவிட்டால் கிளைகாலிசிஸ் அந்தப் படியிலேயே நின்றுவிடும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி வராது என்று சொல்லிவிடுவார். பட்டியலாக மனப்பாடம் செய்தவர் அங்கே முழிப்பார். தேர்வில் கேட்டதும் பெரும்பாலும் அந்த 'ஏன்'தான், பத்துப் பெயர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததோடு மையத்தின் வேலை முடிந்தது. ஓட்டையை அடைக்கப் பேராசிரியரிடமோ பாட டியூட்டரிடமோ போகலாம், இப்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லப்போனால் பாடம் தெரிந்த ஆள் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆபத்தானவர். நீங்கள் பாதி சொன்னதுமே மீதியை அவர் மனதிலேயே நிரப்பிக்கொண்டு "சரி சரி, புரிந்திருக்கிறது" என்று தலையாட்டிவிடுவார்.

நல்ல ஆளாக இருந்தால் முதல் சந்திப்பில் உங்கள் திருத்திய விடைத்தாளைக் கேட்பார். எங்கே மதிப்பெண் போனது என்று வகை பிரிக்கச் சொல்வார்: படிக்கவே இல்லாததா, படித்தும் நினைவுக்கு வராததா, நினைவுக்கு வந்தும் புதுச் சூழலில் பொருத்தத் தெரியாததா, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதா, நேரம் போதாததா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நேரம் போதாமல் மதிப்பெண் விட்டவரிடம் இன்னும் நன்றாகப் படி என்று சொல்லி என்ன பிரயோஜனம்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவட் இதை ஒரு சின்னப் படிவமாகவே ஆக்கினார், எக்ஸாம் ராப்பர் என்று பெயர்: திருத்திய தாள் கைக்கு வந்ததும் எப்படித் தயாரானேன், என்ன வகைப் பிழைகள், அடுத்த முறை என்ன மாற்றுவேன் என்று மாணவரே எழுதித் தர வேண்டும், அடுத்த தேர்வுக்கு முன் அதே தாள் அவரிடம் திரும்ப வரும். பிறகு மைய ஊழியர், தேர்வுக்கு முந்தைய வாரம் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு நாளாகக் கேட்பார். "படித்தேன்" என்றால் விடமாட்டார். படித்தேன் என்றால் என்ன, வாசித்தீர்களா, எழுதினீர்களா, எதையாவது மூடி வைத்துச் சொல்லிப் பார்த்தீர்களா, போன வருடக் கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்துப் போட்டீர்களா. கொஞ்சம் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வேலைக்கு வருகிறேன், அசைன்மென்ட், எஸ்ஸே, லேப் ரிப்போர்ட் எல்லாம். மாணவர்களுக்கும் மையத்துக்கும் அதிகம் மனக்கசப்பு வருவது இங்கேதான். நாளைக்கு டெட்லைன், இன்று மாலை கட்டுரையோடு வந்து "இலக்கணம் மட்டும் பார்த்துவிடுங்கள்" என்பார்கள். பார்க்க மாட்டோம் என்றால் கோபம். பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. 1984-இல் ஸ்டீஃபன் நார்த் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரையில், எழுத்து மையத்தின் வேலை நல்ல கட்டுரையை உண்டாக்குவது இல்லை, நன்றாக எழுதுகிறவரை உண்டாக்குவது என்ற பொருளில் எழுதினார். இந்தத் துறையில் பாதிப் பேர் இன்றும் அதைச் சொல்லித்தான் வேலைக்கே சேர்கிறார்கள். நான் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்பவர் இல்லை, இரண்டாம் மொழியில் எழுதுகிற மாணவர் ஒரு வாக்கியம் ஏன் தப்பு என்று நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவேன், அவரைக் கேள்வியாகக் கேட்டுச் சுற்றவிடுவது அநியாயம். ஆனால் அடிப்படையில் நார்த் சொன்னது சரி. கட்டுரைக்கு மதிப்பெண் குறைவதற்கு இலக்கணம் முதல் காரணமாக இருப்பது அபூர்வம். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, வாதம் இல்லை, பத்துக் கட்டுரைகளைப் படித்துப் பத்துச் சுருக்கங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறது, இதுதான் வழக்கமான வியாதி. "விமர்சன நோக்கில் மதிப்பிடுக" என்று கேள்வியில் இருந்தால் மாணவர் அதை "இதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுதுக" என்று படித்துவிடுகிறார்.

இதற்கு நான் செய்யச் சொல்வது ஒரே ஒரு காரியம், நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். எழுதி முடித்த கட்டுரையின் ஓரத்தில், ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். அப்புறம் கட்டுரையை மூடிவிட்டு அந்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒரு வரி எழுத வராத பத்தி எதையும் சொல்லவில்லை. ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் வெட்டலாம். "இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார்" என்றே எல்லா வரிகளும் இருந்தால் உங்கள் குரல் எங்கும் இல்லை. அரை மணி நேரம் ஆகும், திருத்திக் கொடுத்தால் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

காப்பி அடித்ததாக மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் திருடர்கள் இல்லை. மூலத்தின் வாக்கியத்தை எடுத்து நாலு சொல்லை மாற்றி, இரண்டை இடம் மாற்றி எழுதுவது பெரும்பாலும் வாசித்தது புரியாததால் நடப்பது. புரிந்திருந்தால் மூலத்தை மூடிவிட்டுச் சொந்தமாக எழுத வந்திருக்கும். மேற்கோள் விதிகளை மட்டும் கற்றுக்கொடுத்தால் இது தீராது, வாசிப்பில்தான் கைவைக்க வேண்டும். சாட்ஜிபிடி வந்த பிறகு இது வேறு உருவம் எடுத்திருக்கிறது. அதை எழுதவிட்டுக் கொண்டுவருபவரிடம் "மூன்றாவது பத்தியை விளக்குங்கள்" என்றால் நடப்பது மேலே சொன்ன கிளைகாலிசிஸ் கதைதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி அனுமதித்தால், அதனிடம் பதில் கேட்காமல், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். அது சொன்ன திருத்தம் சரிதானா என்று மட்டும் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர நிர்வாகம். இதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது, ஏனென்றால் வண்ணக் கட்டம் போட்ட டைம்டேபிள் கொடுப்பதுதான் இதற்குத் தீர்வு என்று எல்லா மையங்களும் நம்புகின்றன. ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று 1994-இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாம் மோசமாகப் போனால்கூட 49 நாளில் முடிந்துவிடும் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். டைம்டேபிள் போடுகிற கையே தப்பாகக் கணக்குப் போடும்போது கட்டத்துக்கு என்ன வண்ணம் அடித்து என்ன? போன முறை இதே மாதிரி வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வைத்து, அதைக் கொண்டு அடுத்ததைக் கணக்கிடுங்கள். "உயிர்வேதியியல் படிக்க வேண்டும்" என்று எழுதாமல் "செவ்வாய் மதிய உணவு முடிந்ததும் நூலகத்தில், நோட்ஸ் பார்க்காமல் சிட்ரிக் அமிலச் சுழற்சியை வரைந்து பார்ப்பேன்" என்று எழுதுங்கள். இது போதும்.

இனி சொதப்பல்கள். முதலாவது, எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து "திறம்படக் குறிப்பெடுப்பது எப்படி" என்று நடத்தும் பயிலரங்கம். சட்ட மாணவர் குறிப்பெடுப்பதும் உயிர்வேதியியல் மாணவர் குறிப்பெடுப்பதும் ஒன்றா? பாடத்திலிருந்து பிரித்தெடுத்த திறன் என்று தனியாக ஒன்று பெரிதாக இல்லை. உர்சுலா விங்கேட் 2006-இலேயே, திறன் வகுப்பைப் பாடத்துக்கு வெளியே ஒட்டவைப்பது வேலைக்காகாது, பாடத்துக்குள்ளேயே பின்னிவைக்க வேண்டும் என்று வாதாடினார். பல இடங்களில் இன்று மைய ஊழியர் பேராசிரியரோடு சேர்ந்து அந்தப் பாடத்தின் வகுப்பிலேயே, அந்தப் பாடத்தின் அசைன்மென்டை வைத்தே நடத்துகிறார், அது நன்றாகவே போகிறது. ஆனால் பொதுப் பயிலரங்கம் நடத்துவது சுலபம், எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கையில் காட்டவும் வசதி. அதனால் அது சாகாது.

இரண்டாவது, நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று கண்டுபிடிக்கும் வினாத்தாள். 2008-இல் பேஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் நால்வரும் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, ஒருவரின் பாணிக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்பார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இன்னும் அந்த வினாத்தாள் பல மையங்களின் மேசையில் இருக்கிறது. உங்களிடம் நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடலாம். லேப்டாப்பில் குறிப்பெடுக்காதே, கையால்தான் எழுத வேண்டும் என்று அடித்துச் சொன்னாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். 2014-இல் வந்த பிரபலமான ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை, பிறகு மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எடுத்த குறிப்பை வைத்து அப்புறம் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

மூன்றாவது, நீங்களே கேட்டது: தேறாதவர்கள் போகும் இடம் என்ற பெயர். இந்தப் பெயருக்கு மையங்களும் ஒரு காரணம், மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பினால் வேறு எப்படித் தோன்றும்? இதற்கு 1973-லேயே ஒரு நல்ல வழி கண்டுபிடித்தாயிற்று. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன். அவர் பலவீனமான மாணவர்களைத் தேடுவதை விட்டுவிட்டுக் கஷ்டமான பாடங்களைத் தேடினார். எந்தப் பாடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மாணவர்கள் தோற்கிறார்களோ, மோசமான கிரேடு வாங்குகிறார்களோ, பாதியில் விட்டுப் போகிறார்களோ, அந்தப் பாடத்துக்கே உதவி, அதில் சேர்ந்த எல்லோரும் வரலாம். முந்தைய வருடம் அதே பாடத்தை நன்றாக முடித்த மாணவர் ஒருவர் மறுபடி எல்லா விரிவுரைகளிலும் வந்து உட்காருவார், பிறகு வாரந்தோறும் குழுவை நடத்துவார். பாடம் எடுக்க மாட்டார், எடுக்கக் கூடாது என்பது விதி. கேள்வி வந்தால் குழுவிடமே திருப்பிவிடுவார். முதல் ரேங்க் வாங்குகிறவரும் தத்தளிக்கிறவரும் ஒரே மேசையில் இருப்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் வேறு பல நாடுகளிலும் இது பாஸ் (PASS, சக மாணவர் உதவியோடு நடக்கும் படிப்பு அமர்வு) என்ற பெயரில் நடக்கிறது. வருகிறவர்களுக்கு மதிப்பெண் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் ஆர்வமுள்ளவர்கள்தான் தானாக வருவார்கள் என்பதால் அந்த வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுத மாட்டேன். உயிர்வேதியியல் மாதிரி பாடங்களுக்கு இது இருக்க வாய்ப்பு அதிகம், உங்கள் துறையில் விசாரியுங்கள். இருந்தால் தனிச் சந்திப்புக்கு முன்னால் அதில் சேர்ந்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

யார் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படிப்பவர்கள் இன்னும் நன்றாகப் படிக்க வருகிறார்கள், நடுத்தரமானவர்கள் கொஞ்சம் வருகிறார்கள், உண்மையில் தேவைப்படுகிறவர்கள் கடைசியாக வருகிறார்கள் அல்லது வருவதே இல்லை. கேட்டால் தன் முட்டாள்தனம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் ஒன்று, என்ன கேட்பது என்றே தெரியாதது இன்னொன்று. உங்களுக்கு இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், முதலாவதும் கொஞ்சம். அங்கே பேசுவது பேராசிரியருக்குப் போகுமா என்று பயந்தால் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் உங்கள் அனுமதி இல்லாமல் போகாது, ஆனால் விதி இடத்துக்கு இடம் மாறும்.

போன பிறகு ஆளை எடைபோடுவதும் சுலபம். உங்கள் கட்டுரையை வாங்கி அவரே பேனாவால் எழுத ஆரம்பித்தால், பத்து நிமிடம் தொடர்ந்து அவரே பேசினால், உங்கள் தாள் எதையும் பார்க்காமலேயே ஆலோசனை கொடுத்தால், வேறொருவரிடம் நேரம் கேளுங்கள், தப்பே இல்லை. சக மாணவர்களையே டியூட்டராக வைத்திருக்கும் மையமென்றால் அவர்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேட்கலாம். அமெரிக்காவில் டியூட்டர் பயிற்சிக்குச் சான்று தரும் சிஆர்எல்ஏ என்ற அமைப்பின் முதல் நிலைச் சான்றுக்கே 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேரம் டியூட்டராக வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். நன்றாகப் படிக்கிற மாணவர் என்பதால் மட்டும் ஒருவருக்கு இன்னொருவரைப் படிக்கவைக்கத் தெரிந்துவிடாது.

மையத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் அது படிப்பு முறைச் சிக்கல் கிடையாது, மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள், மைய ஊழியரே அங்கே அனுப்பி வைப்பார். எழுத்துகளை வாசிப்பதிலேயே சின்ன வயதிலிருந்து சிரமம் என்றால் டிஸ்லெக்சியாவா என்று பரிசோதிக்க வேறு பிரிவு இருக்கும், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கவும் அதுதான் வழி. உயிர்வேதியியலே பிடிக்காமல் வேறு யாருக்காகவோ படிக்கிறீர்கள் என்றால், எந்தக் குறிப்பெடுக்கும் முறையும் அதைத் தீர்க்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு. அந்த மின்னஞ்சலுக்கு இன்றே பதில் போட்டு, செமஸ்டரின் மூன்றாவது வாரத்துக்குள் ஒரு நேரம் வாங்குங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் போனால் கூட்டமும் இருக்கும், மாற்றிக்கொள்ள அவகாசமும் இருக்காது. தடுமாறிய இரண்டு பாடங்களின் விடைத்தாள்களையும் கொண்டு போங்கள், கையில் கொடுக்க மாட்டார்கள் என்றால் துறையில் கேட்டுப் பார்த்துக் குறிப்பாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் நோட்ஸ், போன வாரம் உண்மையில் எப்போது என்ன செய்தீர்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிய ஒரு பக்கம். "எப்படிப் படிப்பது?" என்று ஆரம்பிக்க வேண்டாம், "இந்த நாலாவது கேள்விக்கு 12 மணி நேரம் படித்தேன், 20-க்கு 6 வந்தது, எங்கே போனது என்று பார்க்க உதவுங்கள்" என்று ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சந்திப்பையும் அப்போதே குறித்துக்கொண்டு வாருங்கள், நடுவில் மாற்றிச் செய்த ஒரு விஷயத்தோடு போக வேண்டியிருக்கும். மூன்று நான்கு சந்திப்புக்கு மேல் அதே பாடத்துக்காகப் போக வேண்டி வந்தால் ஏதோ சரியில்லை, அதை அவரிடமே சொல்லுங்கள்.